ஒரு நிறம் பாக்கி

அக்காவின் படங்கள் எதைப் போலவும் இருக்காது. மரம் இல்லை, முகம் இல்லை, படகு இல்லை. வெறும் நிறங்கள். ஒன்றோடு ஒன்று மோதி, சண்டை போட்டு, பிறகு சமாதானமாகி நிற்கும். வாங்க வருபவர்கள் முதலில் கேட்பது, "இது என்னங்க படம்?" இருபத்தோரு வருடமாக அதற்கு வாய்க்கு வந்ததைச் சொல்லிவந்தேன். ஒருவரிடம் மழை என்றேன். அதே படத்தைப் பார்க்க வந்த அவர் மனைவியிடம் கோபம் என்றேன். இருவரும் தலையாட்டிவிட்டு வாங்கிப் போனார்கள்.

"நீ புளுகுற அழகுக்கே ஒரு சட்டம் போட்டு மாட்டலாம்டா" என்பாள் அக்கா.

சட்டம் போடுவதுதான் என் தொழில். முன்பக்கம் என் கடை, பின்னறையில் அவள் வரைவாள். எங்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. படம் முடிந்துவிட்டது என்று அவள் சொல்லமாட்டாள், நான்தான் சொல்லவேண்டும். ஆரம்பத்தில் நிறுத்தத் தெரியாமல் தீட்டித் தீட்டி நல்ல படங்களைச் சேறாக்கியிருக்கிறாள். அதனால் தினமும் போய்ப் பார்ப்பேன். கண் எங்கேயும் இடறாமல் சுற்றிவந்தால் "போதும்" என்பேன். உடனே தூரிகையைக் கழுவப் போய்விடுவாள். எனக்கு நேர்கோடு போடவே ஸ்கேல் வேண்டும். ஆனால் அந்த ஒரு சொல்லில் நான் தவறியதே இல்லை. அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

கடைசிப் படத்தில் தவறினேன். தெரிந்தேதான் தவறினேன்.

அன்று அக்கா ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கப் போயிருந்தாள். பல் டாக்டர் ஒருவர் கடைக்கு வந்தார். மறுநாள் காலை அவருக்குப் புது கிளினிக் திறப்பு. திறந்திருந்த கதவு வழியாகப் பின்னறைப் படத்தைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். "பாத்துட்டே இருக்கலாம் போல இருக்குங்க" என்றார். இது என்ன என்று கேட்கவே இல்லை. அப்படி ஓர் ஆள் வந்ததே இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

படத்தின் வலது கீழ்மூலையில் உள்ளங்கை அளவுக்கு வெறும் சாம்பல் பூச்சு மட்டும் இருந்தது. கண் அங்கே இடறியது. இடறியும், ஆளில்லாத அறையில் "போதும்" என்று சொல்லிக்கொண்டு சட்டம் அடித்து அனுப்பிவிட்டேன்.

சாயங்காலம் அக்கா வந்தாள். "எங்கடா என் படம்?"

"வித்தாச்சுக்கா."

"அது முடியலையேடா. இன்னும் ஒரு நிறம் பாக்கி இருக்கே."

திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை. அந்த வாரமே புற்றுநோய் நுரையீரல் முழுக்கப் பரவிவிட்டது, அதிகம் போனால் இரண்டு மாதம் என்று சொல்லிவிட்டார்கள். அவள் கட்டிலில் சாய்ந்தபடி மூன்று நாள் அந்த நிறத்தைக் குழைத்தாள். வாடத் தொடங்கிய ரோஜா இதழின் ஓரத்தில் வருமே, அந்த நிறம். காலி மாத்திரைப் புட்டியில் ஊற்றி மூடினாள்.

"அந்த டாக்டரைக் கேட்டு ஒரு மணி நேரத்துக்குப் படத்தை வாங்கிட்டு வாடா. கை நடுங்குறதுக்குள்ள வெச்சுடறேன்."

நான் கேட்கவில்லை. வாய்விட்டு ரசித்த மனுஷனிடம், அரைகுறைப் படத்தை உங்கள் தலையில் கட்டிவிட்டேன் என்று எந்த முகத்தோடு போய்ச் சொல்வது? "டாக்டர் வெளியூர் போயிருக்காருக்கா" என்றேன். அடுத்த வாரம், "இன்னும் வரலையாம்." அதற்கடுத்த வாரமும் அதேதான். என் புளுகையெல்லாம் இத்தனை வருடம் கண்டுபிடித்துச் சிரித்தவள், இதை மட்டும் நம்பினாள். நிறம் காய்ந்துவிடக்கூடாதென்று தினமும் புட்டியை எடுத்துக் குலுக்குவாள். குலுக்குவதற்கே மூச்சு வாங்கும்.

நாலாவது வாரம் ஒரு காலையில் புட்டி மேஜையில் அப்படியே இருந்தது. அக்கா போய்விட்டாள்.

எல்லாம் முடிந்தபின் புட்டியைப் பையில் போட்டுக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். படம் காத்திருப்போர் அறையில், நல்ல வெளிச்சத்தில் தொங்கியது. டாக்டரிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் கையுறையைக் கழற்றினார்.

"நான் ஊர்லதானேங்க இருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே தூக்கிட்டு வந்திருப்பேனே."

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்த யாரும் அதை விசித்திரமாகப் பார்க்கவில்லை. பல்வலி என்று நினைத்திருப்பார்கள்.

டாக்டர் உள்ளே போய்ப் பஞ்சு சுற்றிய குச்சி ஒன்றைக் கொண்டுவந்தார். "நீங்களே வெச்சுடுங்க. உங்களுக்குத் தெரியாததா?"

புட்டியைத் திறந்தேன். நிறம் ஈரமாகவே இருந்தது. குச்சியைத் தோய்த்து மூலையருகே கொண்டுபோனேன். புள்ளியா, கோடா? ஓரத்திலா, நடுவிலா? எவ்வளவு? எனக்கு நிறுத்தச் சொல்லத்தான் தெரியும். கை அந்தரத்தில் நின்றது. குச்சியைத் துடைத்துவிட்டுப் புட்டியை இறுக மூடினேன்.

பின்னாலிருந்து, கன்னம் வீங்கிய ஓர் அம்மாள் கேட்டார்: "தம்பி, இது என்ன படம்?"

மழை என்று சொல்லவில்லை. கோபம் என்றும் சொல்லவில்லை.

"முடியாத படம்மா" என்றேன். "எங்கக்கா வரைஞ்சது. நான்தான் முடிக்க விடலை."