காறையெலும்புக்குக் கீழே ஒரு போர்ட்

என் வீட்டுக்காரருக்கு நெட்வொர்க் பாதுகாப்பில் வேலை. அவரைப் பொறுத்தவரை போர்ட் என்றால் கம்ப்யூட்டருக்குள் தகவல் வந்துபோகும் வாசல். வெள்ளிக்கிழமைதோறும் உட்கார்ந்து, யாரும் பயன்படுத்தாத வாசல்களை ஒவ்வொன்றாக அடைப்பார். "வேலை முடிஞ்சா மூடிடணும். திறந்து போட்டு வெச்சா, திருடனை வெத்தலை பாக்கு வெச்சுக் கூப்பிட்ட மாதிரி" என்பார். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

என்னுடைய போர்ட் காறையெலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில் இருக்கிறது. கோட்டுப் பொத்தான் அளவு. புற்றுநோய் மருந்தை ரத்தக் குழாய்க்குள் ஏற்றுவதற்காக வைத்தார்கள். மருந்து முடிந்து எட்டு மாதம் ஆகிறது. ஆனாலும் அது அடைத்துக்கொள்ளாமல் இருக்க, மாதாமாதம் ஊசி குத்தி அலசுகிறார்கள். நான் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவள். சீட் பெல்ட் சரியாக அதன்மேல்தான் உராயும். யாராவது திடீரென்று பிரேக் அடித்தால் உயிர் போய் வரும். ஒரு நாளைக்கு ஆறு பேர் கற்றுக்கொள்ள வருகிறார்கள். எல்லோரும் பிரேக் அடிப்பதில் மட்டும் கெட்டிக்காரர்கள்.

ஸ்கேன் சுத்தமாக வந்த அன்று டாக்டரம்மா சொன்னார்: "போர்ட்டை எடுத்துடலாம். இல்ல, இன்னும் கொஞ்ச நாள் வெச்சுக்கலாம். உங்க இஷ்டம்."

நான் வாயைத் திறப்பதற்குள் இவர், "இருக்கட்டும் டாக்டர்" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "வாரா வாரம் மூடுறீங்களே, அதெல்லாம் ஊருக்குத்தான் உபதேசமா?"

"அங்க மூடினதை ரெண்டு நிமிஷத்துல திறந்துக்கலாம். இது அப்படியில்ல. எடுத்தப்புறம் தேவைப்பட்டா, மறுபடி உன்னைக் கிழிக்கணும்."

நோய் தெரிந்த நாளிலிருந்து இவர் அழுது நான் பார்த்ததில்லை. கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்து, மாத்திரை டப்பாவில் கிழமை எழுதிக்கொண்டிருப்பார். அதற்காகவே எத்தனையோ நாள் அவரை வெறுத்திருக்கிறேன். இப்போது மேசை விளிம்பைப் பிடித்திருந்த அவர் விரல்களைப் பார்த்தேன். வெளுத்துப் போயிருந்தன. மனுஷன் இத்தனை நாளும் பயந்து செத்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்குப் பாவமாக இருந்தது.

"இன்னும் ஆறு மாசம் போகட்டும் டாக்டர்" என்றேன்.

இவர் நன்றி சொல்லிவிட்டு எழுந்தார். கதவென்று நினைத்து, நோயாளிகளைப் படுக்கவைத்துப் பார்க்கும் திரைக்குப் பின்னால் போனார். அங்கே வழி கிடையாது. ஆனாலும் திரும்பி வரவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. டாக்டரம்மா அடுத்த ஆளைக் கூப்பிடாமல், என் ஃபைலை முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார்.