கொல்லைக் குழாய் வைத்தியம்

கொல்லைக் குழாயில் ஷாக் அடிக்கிறது என்று செம்மொழி சொன்னபோது, வீட்டுக்காரர் ராஜகோபாலன் செய்த முதல் காரியம் அந்தக் குழாயையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டு சிரித்ததுதான்.

“எங்கம்மா அடிக்குது? இதோ புடிச்சிருக்கேனே!”

“செருப்புப் போட்டிருக்கீங்க சார். ரப்பர் செருப்பு.”

“குழாயைக் கையாலதானே புடிக்கிறேன்? இதுல செருப்பு எங்கேருந்து வந்துது?” என்றவர், வாதத்தில் ஜெயித்துவிட்ட தெம்பில் செருப்பை உதறிவிட்டு வெறுங்காலைத் தரையில் வைத்தார். சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றுவிட்டது. கன்னம் மட்டும் துடித்தது. கையை எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டே இருந்தார். நிறுத்த முடியவில்லை, பாவம். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, “ஒண்ணுமில்ல, லேசா ஜில்லுன்னு இருக்கு” என்று சொல்லிவிட்டு முன்கட்டுக்குப் போய்விட்டார்.

திருப்பனந்தாளில் அந்த வீட்டின் முன்கட்டில் ராஜகோபாலனும் அவர் மனைவி ஆனந்தமும் இருந்தார்கள். பின்கட்டில் வாடகைக்குச் செம்மொழியும், சீர்காழியில் வங்கி வேலைக்குப் போய்வரும் அவள் புருஷன் பரிதியும், இன்னும் முதல் பிறந்தநாள் வராத மகள் குந்தவையும். குந்தவைதான் இங்கே விஷயமே. பீரோவைப் பிடித்து நிற்கிறாள், நாற்காலியைப் பிடித்து நிற்கிறாள், பளபளவென்று எதைக் கண்டாலும் அதை நோக்கித் தவழ்ந்து போகிறாள். கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், சரியாக அவள் எழுந்து நின்றால் கைக்கு எட்டும் உயரத்தில், அந்தப் பித்தளைக் குழாய் வெயிலில் பளபளத்துக்கொண்டிருந்தது. செம்மொழிக்குத் தூக்கத்தில் கூட அந்தப் பளபளப்புதான் வந்தது.

வீட்டை மாற்றிக்கொண்டு போக வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். கேட்பது சுலபம். “நீங்க என்ன ஆளுங்க?” என்ற கேள்விக்கு ஒளிக்காமல் பதில் சொல்லிச் சொல்லி, தெருத் தெருவாக வீடு கிடைக்காமல் திரும்பியவர்கள் அவர்கள். செம்மொழியின் அப்பா கோவிந்தராசு வயல் கூலிக்குப் போய் மகளை ஆசிரியை ஆக்கியவர். அந்தப் பெருமை வாடகை வீட்டு வாசல்களில் செல்லுபடியாகவில்லை. கேள்வியே கேட்காமல் சாவியைக் கொடுத்த ஒரே ஆள் ராஜகோபாலன். மனுஷன் நல்லவர், அதுதான் சங்கடம். கெட்டவராக இருந்தால் நாலு வார்த்தை கேட்டுவிட்டுப் போயிருப்பாள்.

அவளே எலக்ட்ரீஷியன் மருதையனை அழைத்து வந்தாள். அவன் டெஸ்டரைக் குழாயில் வைத்தான். அது எரிந்தது. சுவரில் வைத்தான். அங்கும் மினுக்கியது.

“மோட்டாருக்குப் போற வயர் எங்கியோ தோலுரிஞ்சு இரும்புப் பைப்புல படுதுக்கா. எர்த் கம்பி வேற அத்துப் போச்சு. மெயின்ல ஷாக் அடிச்சா தானா விழுற சுவிட்ச்சும் இல்ல. அரை நாள் வேலை, முடிச்சுடலாம்.”

அரை நாள் வேலைக்கு ராஜகோபாலன் அரை நொடி கூட யோசிக்கவில்லை. “இந்த வீட்டு வயரிங் நான் பக்கத்துல நின்னு பண்ணினது. இதுல குறையே வராது. கோடையில மண்ணு காஞ்சு கெடக்கு, அவ்வளவுதான். மண்ணியாத்துல தண்ணி வரட்டும், பூமி ஈரமாயிடும், எல்லாம் தானா சரியாயிடும்” என்றார். பயிருக்குச் சொல்ல வேண்டியதை வயருக்குச் சொல்கிறாரே என்று மருதையன் தலையைச் சொறிந்துகொண்டே போய்விட்டான்.

செம்மொழி தன்னால் ஆனதைச் செய்தாள். குழாயடியில் காய்ந்த மரப்பலகை போட்டாள். கனத்த ரப்பர் செருப்பு இல்லாமல் கொல்லையில் கால் வைப்பதில்லை. பழைய சைக்கிள் டியூபை வெட்டிக் குழாய்க்குச் சட்டை மாதிரி சுற்றிக் கட்டினாள். கொல்லைக் கதவின் உச்சியில் ஒரு தாழ்ப்பாளும் வைத்தாள். அவ்வளவில் ஒரு மாதிரி சமாளித்திருப்பாள். ரெங்கம்மாள் வந்து கெடுத்தாள்.

ரெங்கம்மாள் பக்கத்து வீடு. வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாமல் பல வருஷமாக அவதி. அவள் வீட்டு மோட்டார் ஓடவில்லை என்று ஒரு பக்கெட் தண்ணீர் பிடிக்க வந்தவள், வழுக்குகிறதே என்று டியூபை அவிழ்த்துப் போட்டுவிட்டுக் குழாயைத் திருகினாள். பக்கெட் ஒரு பக்கம் பறந்தது. கை ஒரு பக்கம் பறந்தது. அந்தக் கை தோளைத் தாண்டி, தலையைத் தாண்டி, நேராக வானத்தைப் பார்த்து நின்றது.

“ஆத்தாடி! கை தூக்கிடுச்சுடி!” என்று ரெங்கம்மாள் தெருவுக்கே கேட்கக் கத்தினாள்.

தூக்காமல் என்ன செய்யும்? கரண்ட் அடித்தால் செத்த தவளைக்குக் கூடக் கால் தூக்கும். ஆனால் தெருவில் யார் அதைக் கேட்டார்கள்? மறுநாள் காலையிலேயே கொல்லைச் சந்தில் வரிசை நின்றது. மூட்டு வலி, முதுகு வலி, விரல் மரத்துப் போனது, ஒருத்திக்கு மருமகளோடு மனத்தாங்கல். செம்மொழி வீட்டுச் சொம்பில் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடிக்காத தெருக்காரர்கள், அவள் வீட்டுக் குழாயை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு தொட்டார்கள். இட்லி மாவு விற்கும் மீரா சாகிப், “நமக்கு ஒரு இழுப்பு போதும் தங்கச்சி, வியாபாரத்துக்கு நேரமாச்சு” என்று சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு நின்றார்.

செம்மொழி கெஞ்சினாள். “இது வைத்தியம் இல்லீங்க, வயர் லீக்கு. உசுருக்கே ஆபத்து.”

“நல்லது நடந்தா பொறுக்காதே உனக்கு! சைக்கிள் டியூபைப் போட்டு மருந்தை மூடி வச்சிருந்தவதானே நீ?” என்றாள் ரெங்கம்மாள்.

ராஜகோபாலனுக்கு இதில் வந்த குஷியைக் கேட்கணுமே! பூகோள வாத்தியாராக ஓய்வு பெற்றவரை அதுவரை யாரும் எட்டிப் பார்த்ததில்லை. இப்போது வரிசைக்கு நாலு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார். ரத்தக் கொதிப்புக்காரர்களைப் பின்னால் நிற்கச் சொன்னார். “இந்த மண்ணோட காந்த சக்தி” என்று ஆரம்பித்துப் பாடமே எடுத்தார். ஆனந்தம் மாமி கூட முழங்காலுக்கு ஒரு தொடு தொட்டுவிட்டு, “ஆவி பிரிஞ்சு வந்த மாதிரி இருக்குடி” என்று உட்கார்ந்துகொண்டாள்.

ஒரு நாள் குழந்தையைக் கொல்லையில் குளிப்பாட்ட வேண்டுமென்று செம்மொழி முன்கட்டுக்குப் போய் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டாள். வரிசையில் ஒரே ரகளை. “மருந்து நின்னு போச்சு! பீடை புடிச்சவ எவளோ நிறுத்திட்டா!” ராஜகோபாலன் ஓடி வந்து மெயினைப் போட்டார். அதோடு நிற்காமல் அந்தப் பெட்டிக்குப் பூட்டும் போட்டுச் சாவியைப் பூணூலில் முடிந்துகொண்டார்.

“சார், குந்தவை நிக்க ஆரம்பிச்சுட்டா சார்” என்றாள் செம்மொழி. அழுகை வந்துவிட்டது.

“தண்ணி வரட்டும்மா. நான்தான் சொல்றேனே, தண்ணி வரட்டும்” என்றார்.

தண்ணீர் வந்தது. மண்ணியாறு புரண்டு, வாய்க்கால் நிறைந்து, கொல்லை மண்ணெல்லாம் கசகசவென்று ஈரமானது. ராஜகோபாலன் சொன்னபடி எல்லாம் மாறத்தான் செய்தது. காய்ந்த மண்ணில் சுள்ளென்று அடித்த குழாய், ஈர மண்ணில் வெறுங்காலோடு நின்றவர்களைத் தூக்கித் துவைக்கிற கல்லில் போட்டது. மீரா சாகிப் விழுந்த வேகத்தில் மாவுத் தூக்கே கவிழ்ந்தது.

“வீரியம் கூடிப் போச்சு!” என்று வரிசை இரண்டு மடங்கானது.

அன்று மத்தியானம் சமையல் செய்துகொண்டிருந்த செம்மொழி திரும்பிப் பார்த்தால் கூடத்தில் குழந்தையைக் காணோம். கொல்லைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள் குந்தவை. கதவிடுக்கில் ஒரு கண்ணை வைத்துக் குழாயைப் பார்த்து, “ங்ஙா” என்று கையை நீட்டினாள். இதுவரை தாழ்ப்பாள் இருந்தது. நாளைக்கு யாராவது திறந்து வைத்துவிட்டுப் போனால்? செம்மொழிக்குப் பயம் எல்லாம் போய் வெறும் கோபம்தான் மிச்சம் இருந்தது.

மறுநாள் ஞாயிறு. வரிசை சந்து முனை வரை நின்றது. ராஜகோபாலன் செருப்போடு குழாய்க்குப் பக்கத்தில் நின்று ஒழுங்கு பண்ணிக்கொண்டிருந்தார். கொல்லைக் கதவு திறந்தது. செம்மொழி குந்தவைக்குப் புதுக் கவுன் போட்டு, நெற்றியில் பொட்டு வைத்துத் தூக்கி வந்தாள். பின்னாலேயே பரிதி, “வேணாம் செம்மொழி” என்று முனகிக்கொண்டு வந்தான்.

“எல்லாரும் கொஞ்சம் வழி விடுங்க. குழந்தைக்கு மொத வைத்தியம்” என்றாள்.

வரிசை இரண்டாகப் பிரிந்து வழி விட்டது.

“இவளுக்கு இன்னும் நடை வரல. கால் நரம்பு வலுக்கட்டும். சார், எல்லாருக்கும் நீங்கதானே பண்றீங்க? உங்க கையாலயே இவ கையைப் புடிச்சுக் குழாய்ல வைங்க.”

சொல்லிக்கொண்டே குழந்தையை ராஜகோபாலனின் கையில் திணித்தாள். ஆனால் கவுனின் பின்பக்கத்தை மட்டும் முஷ்டியில் இறுக்கிப் பிடித்திருந்தாள், விடவில்லை. அவர் பிடிவாதக்காரர் ஆயிற்றே, மானத்துக்காக வைத்துத் தொலைத்துவிட்டால் என்ன செய்வது என்று அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குந்தவைக்கு ஒரே சந்தோஷம். இத்தனை நாளும் கதவிடுக்கில் பார்த்தது இதோ கைக்கெட்டும் தூரத்தில்! “ங்ஙா!” என்று இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு பாய்ந்தாள். ராஜகோபாலன் ஓரடி பின்னால் வைத்தார். அவள் இன்னும் எம்பினாள். அவர் இன்னும் ஓரடி வைத்தார். நாற்காலி இடறியது. முதுகு மதிலில் முட்டியது. இனிப் போக இடமில்லை. குழந்தையின் விரல்கள் குழாயைப் பார்த்து ஆடிக்கொண்டிருந்தன.

“சும்மா வைங்க சார். லேசா ஜில்லுன்னுதானே இருக்கும்?”

“தொட விடாதீங்க!” என்று அலறியது ரெங்கம்மாள். அவளைத் தொடர்ந்து வரிசை முழுக்கக் கத்தியது. “ஐயோ, பச்சைப் புள்ளை! செத்துடும் சார்!” மீரா சாகிப் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்து குழாய்க்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார்.

“ஆனந்தம்! மெயினை நிறுத்துடி!” என்று ராஜகோபாலன் கத்தினார். சாவி பூணூலில் அல்லவா இருந்தது! குழந்தையை விடவும் முடியாமல், சாவியை எடுக்கவும் முடியாமல் துடித்தார். பரிதிதான் அவர் சட்டைக்குள் கையை விட்டுச் சாவியை உருவிக்கொண்டு முன்கட்டுக்கு ஓடினான்.

மெயின் விழுந்தது. ரெங்கம்மாள் மெதுவாகக் கேட்டாள். “ஏன் சார், புள்ளை தொட்டா செத்துடும்னா, நாங்க மட்டும்?”

ராஜகோபாலன் குனிந்து தன் ரப்பர் செருப்பைப் பார்த்தார். வரிசை ஒவ்வொருவராகக் கலைந்தது. ராஜகோபாலனே ஆளனுப்ப, மருதையன் வந்து, உளியும் சுத்தியலுமாகச் சுவரை உடைத்து, தோலுரிந்த வயரை உருவிப் போட்டான். அவன் புதிய எர்த் கம்பி பதித்து முடிக்கும்வரை ராஜகோபாலன் குந்தவையைத் தோளிலிருந்து இறக்கவில்லை. யார் கேட்டும் கொடுக்கவில்லை.

கடைசியில் செம்மொழியிடம் வந்தார். கண் கலங்கியிருந்தது. “ஏம்மா, நான் ஏதோ வீம்புல கையை வச்சிருந்தா என்ன பண்ணியிருப்பே?”

“வைக்க மாட்டீங்கன்னு நம்பினேன் சார்.”

“அவ்வளவு நம்பிக்கையா என் மேல?”

“ஆமா சார். அதுல ஷாக் அடிக்கும்னு இந்தத் தெருவுலயே என்னை விட்டா முதல்ல தெரிஞ்சவரு நீங்கதானே” என்று சொல்லிவிட்டு, குழந்தையைக் கேட்டுக் கையை நீட்டினாள் செம்மொழி.