சர்வீஸ் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள்

1

இந்தக் கதை நானே எழுதிய ஒரு வாக்கியத்திலிருந்து வந்தது. ஒளித்துவைத்து என்ன ஆகப்போகிறது, இப்போதே சொல்லிவிடுகிறேன். சியோல் நகரத்துக்கு வரும் வெளிநாட்டவர்களுக்கான வழிகாட்டிப் புத்தகம் ஒன்றை ஆறு வருடமாக எழுதிவருகிறேன். பார்க்க, சாப்பிட, தங்க, வாங்க என்று நான்கு பகுதிகள். அட்டையில் என் பெயர் இருக்காது. ‘சாப்பிட’ பகுதியில், எண்பத்து நான்காம் பக்கத்தில், ஒரு மஞ்சள் கட்டத்துக்குள் இப்படி இருக்கிறது:

“இந்த நகரத்தில் சர்வீஸ் கட்டணம் என்று எதுவும் கிடையாது. யாராவது ‘சர்வீஸ்’ என்றால், வேண்டாம் என்று பணிவாகச் சொல்லிவிடுங்கள்.”

இதில் உங்களுக்குத் தப்பு எதுவும் தெரியாது. எனக்கும் தெரியவில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். எங்கள் ஊரில் கடைக்காரர் ‘சர்வீஸ்’ என்று சொன்னால் ‘இதற்குக் காசு வேண்டாம், என் கையால் சும்மா தருகிறேன், சாப்பிடு’ என்று பொருள். கூட ஒரு முட்டை, கூட ஒரு கிண்ணம் சாறு, எல்லாமே சர்வீஸ். பள்ளிக்கூட வாசலில் மீன்வடை சர்வீஸ் தின்று வளர்ந்தவன் நான். “வெளிநாட்டுக்காரங்க தலையோட யோசிச்சு எழுதுங்க” என்றார் பதிப்பாசிரியர். எழுதினேன், என் தலையைக் கழற்றி வைத்துவிட்டு. மெய்ப்புப் பார்த்த மூன்று பேரும் இந்த ஊரில் பிறந்தவர்கள். புத்தகம் ஏழு மொழிகளுக்குப் போனது. ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

2

முதலில் எழுதிப் பார்த்த தொடக்கம் இது:

“மழை விட்ட சந்தையில் ஆவி எழுந்துகொண்டிருந்தது. அடை சுடும் கல்லுக்கு முன்னால் ஒரு பெண், காலமே உறைந்ததுபோல—”

அடித்துவிட்டேன். இந்த வாக்கியத்தை வழிகாட்டியில் ஏற்கெனவே மூன்று கடைகளுக்குப் போட்டிருக்கிறேன். சந்தையில் காலம் உறைந்து நான் பார்த்ததில்லை. நின்று மூச்சுவிட நேரமில்லாத இடம் அது.

இரண்டாவது:

“கூ மால்சுன்னின் சொத்து அவருடைய குரல்தான்—”

[உண்மை. ஆனால் பாட்டுக்காரி என்று நினைத்துக்கொள்வீர்கள்.]

சரி, நேராகவே சொல்கிறேன். கூ மால்சுன்னுக்கு ஐம்பத்தாறு வயது. நகரத்தின் நடுவே ஒரு பழைய சந்தையில் (பெயர் சொல்லமாட்டேன், நான் பெயர் சொன்ன இடமெல்லாம் பட்டபாடு போதும்) பாசிப்பயறு அடை சுட்டு விற்கிறார். கல்லைச் சுற்றி ஒரு பலகை, எட்டு முக்காலி, அவ்வளவுதான் கடை. சோறு போடும் கடைக்காரப் பெண்களை நாங்கள் ‘சித்தி’ என்றுதான் கூப்பிடுவோம். பதினைந்து வருடமாக அவர் எனக்குக் கூ சித்தி. நான் ஏதோ எழுதிப் பிழைக்கிறேன் என்பது அவருக்குத் தெரியும். என்ன எழுதுகிறேன் என்று அவர் கேட்டதில்லை.

3

நடந்தது இதுதான். போன மாதம், மத்தியானம், ஒரு வெளிநாட்டு இளைஞன் அந்த முக்காலியில் உட்கார்ந்தான். நெஞ்சில் ஒரு சின்ன கேமரா, பக்கத்தில் என் புத்தகம். ஓர் அடை வாங்கித் தின்றான். கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான். சித்திக்கு மனம் குளிர்ந்துபோயிற்று. கல்லிலிருந்து இன்னொரு அடையை எடுத்துத் தட்டில் போட்டு அவன் முன்னால் நகர்த்தினார்.

“சர்வீஸ்!”

பையன் முகம் மாறியது. பணிவாகத் தலையாட்டி, வேண்டாம் என்றான். சித்தி தட்டை இன்னும் நகர்த்தினார். அவன் மறுபடி வேண்டாம் என்றான்.

(அடிக்குறிப்பு. பக்கத்தின் கீழே போட்டால் யாரும் படிப்பதில்லை, அதனால் இங்கேயே. கொடுப்பதை முதல் தடவையே வாங்கிக்கொள்பவனை எங்கள் ஊரில் சோற்றுக்கு அலைகிறவன் என்பார்கள். இரண்டு தடவை மறுத்துவிட்டு மூன்றாம் தடவைதான் வாங்க வேண்டும். கொடுப்பவரும் விடாமல் வற்புறுத்த வேண்டும், விட்டுவிட்டால் மனமில்லாமல் கொடுத்ததாக ஆகிவிடும். ஆகவே பணிவாகச் சொல்லும் முதல் ‘வேண்டாம்’ என்பதற்கு ‘இன்னும் கொஞ்சம் சொல்லுங்கள்’ என்றுதான் அர்த்தம். ‘பணிவாக’ என்ற சொல்லையும் நான்தான் போட்டேன்.)

ஆக, அவன் பணிவாக மறுக்க மறுக்க, சித்தி உபசாரத்தைக் கூட்டினார். பையன் எழுந்தான். சித்தி பலகைக்கு மேலே எட்டி அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, “அட உக்காருப்பா! சர்வீஸ்! சர்வீஸ்!” என்று சந்தையே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். அவன் கையை உதறிக்கொண்டு ஓடினான்.

அன்று சாயங்காலமே அவன் கேமராவில் பதிந்த படம் இணையத்தில் வந்துவிட்டது. ஒரு பெண் அடை திருப்பும் கரண்டியோடு, வாடிக்கையாளன் கையைப் பிடித்துக்கொண்டு, சர்வீஸ் கட்டணம் கேட்டு மிரட்டுகிறாள். கடைசியில் பையன் என் எண்பத்து நான்காம் பக்கத்தை விரித்துக் காட்டுகிறான். நாற்பது லட்சம் பேர் பார்த்தார்கள்.

4

இந்தப் பையன் எனக்குப் பெரிய தலைவலி. இவனை வில்லனாக்கிவிட்டால் கதை சுலபமாக நகரும். முதல் வரைவில் இவனுக்குத் திமிரான ஒரு நடையும் எச்சில் துப்பும் பழக்கமும் கொடுத்தேன். பிறகு படத்தை மறுபடி பார்த்தேன். அவன் உதடு நடுங்குகிறது. தெரியாத ஊரில், தெரியாத மொழியில், ஒருவர் கையைப் பிடித்து இழுத்தால் நானும் ஓடத்தான் செய்வேன். அவன் செய்த ஒரே குற்றம் நான் எழுதியதை நம்பியது.

[எச்சிலை எடுத்துவிட்டேன். நடையையும்.]

என் கோபம் அவன்மேல் இல்லை. படத்துக்குக் கீழே எங்கள் மொழியில் எழுதினார்களே, அவர்கள்மேல். ‘சர்வீஸ்’ என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியும். முந்தின நாள்தான் எங்கேயோ சர்வீஸ் வாங்கித் தின்றிருப்பார்கள். தின்ற வாயாலேயே ‘நாட்டுக்கே அவமானம்’, ‘இவளை அடித்துத் துரத்துங்கள்’ என்று எழுதினார்கள். வெளிநாட்டவர் பார்க்கிறார்கள் என்றதும் எல்லோரும் என்னைப்போலவே தலையைக் கழற்றி வைத்துவிட்டார்கள்.

5

சந்தைச் சங்கத் தலைவர் தாக். இவரை நான் கொஞ்சமும் மாற்றவில்லை, மாற்றினால் நம்பமாட்டீர்கள். மறுவாரம், நான் சித்தியின் கடையில் இருந்தபோதே, ஒரு காகிதமும் பசையும் கொண்டு வந்தார். ‘சர்வீஸ்’ என்ற சொல்லை இனி இங்கே யாரும் உச்சரிக்கக் கூடாது என்று அதில் எழுதியிருந்தது. பலகையில் ஒட்டினார். வியாழக்கிழமை மூன்று மணிக்கு மூன்றாம் மாடியில் விசாரணை, அதில் கடை இடத்தை வைத்துக்கொள்வதா பறிப்பதா என்று முடிவாகும் என்றார்.

“தலைவரே, நான் இனாமாக் குடுத்தேன்! உங்களுக்குத் தெரியாதா?” என்றார் சித்தி.

“எனக்குத் தெரியும்மா. ஊருக்கே தெரியும். படத்துல எப்படித் தெரியுதுன்னு பாரு.”

“படத்தப் பாத்துத்தான் என்னை அளப்பீங்களா? இருவது வருஷமா என் கடையில தின்னீங்களே, அந்த வாயி எங்க போச்சு?”

“புஸ்தகத்துலயே அச்சடிச்சுப் போட்டிருக்கான்மா, சர்வீஸ்னு கேட்டா ஏமாத்துன்னு. ரொம்ப நாளா நடக்காம சும்மா போடுவானா?”

கையில் இருந்த அடையைத் தட்டில் வைத்தேன். என் முட்டாள்தனமான வாக்கியம் இப்போது சாட்சியாகிவிட்டது. ‘அதை எழுதினவன் நான், சர்வீஸ் கேட்டு ஏமாற்றினார்கள் என்று ஒரு புகார்கூட நான் கேள்விப்பட்டதில்லை, யோசிக்காமல் எழுதினேன்’ என்று நான் எழுந்து சொன்னால் அந்தச் சாட்சி செத்துப்போகும். சொல்லவில்லை.

ஏன் என்று கேட்பீர்கள். அன்று காலையில்தான் பதிப்பாசிரியர் கூப்பிட்டிருந்தார். “புத்தகம் தப்புன்னு நீங்க எங்கயாவது வாயத் தொறந்தா, அடுத்த பதிப்பு வேற ஆளுக்குப் போயிடும், பாத்துக்கங்க.” இது ஒரு காரணம். இன்னொரு காரணம் சித்தியின் கண். அதை எப்படி எழுதுவது என்று—

[இந்த வாக்கியத்தை முடிக்க நாலு நாள் முயற்சி செய்தேன்.]

6

வியாழக்கிழமை. இரண்டு மணிக்குப் போனேன். வழக்கமாக நிரம்பி வழியும் எட்டு முக்காலியிலும் யாருமில்லை. சித்தி சுத்தமான மேலங்கி போட்டு, உதட்டுக்குச் சாயம் பூசியிருந்தார். கல் மட்டும் எப்போதும்போல் புகைந்தது.

“வா தம்பி. நல்ல வேளை வந்த. நீ எழுத்துக்காரன்தானே? மேல போய் என்ன சொல்லணும்னு ஒரு மூணு வரி எழுதிக் குடேன். எனக்கு வாய் தொறந்தா கத்தலாத்தான் வருது.”

“என்ன எழுதணும் சித்தி?”

“மன்னிப்புதான். வேற என்ன? இனாமாக் குடுத்ததுக்கு மன்னிச்சுக்கங்கன்னு எழுது.” சிரிக்க முயன்றார், வரவில்லை. “அந்தப் புஸ்தகத்த எழுதின மூதேவி மட்டும் என் கையில கெடச்சான்னா, இந்தக் கல்லு மேலயே உக்கார வெச்சு ரெண்டு பக்கமும் திருப்பிப் போடுவேன்.”

நான் பேனாவை எடுத்தேன். பாருங்கள், அவர் பிழைப்பைக் கெடுத்த கையாலேயே அவருடைய மன்னிப்பையும் எழுத உட்கார்ந்தேன். “நான் அறியாமல் செய்த—” என்று எழுதி அடித்தேன். “இனிமேல் யாருக்கும் எதையும்—” என்று எழுதி அடித்தேன். அந்தக் காகிதம் இப்போதும் என்னிடம் இருக்கிறது. கதைகளில் போடுவதற்காகக் கற்பித்த காகிதம் இல்லை, ஓரத்தில் எண்ணெய்.

7

இங்கே மாற்று முடிவுகள் தரவேண்டும், இந்த மாதிரிக் கதையில் அதுதானே வழக்கம்.

முடிவு ஒன்று: நான் மாடிக்குப் போய் உண்மையைச் சொல்கிறேன். எல்லோரும் கை தட்டுகிறார்கள். தாக் காகிதத்தைக் கிழிக்கிறார். [தாக் கிழிக்கமாட்டார். அவரைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.]

முடிவு இரண்டு: வாக்கியங்களை அழகாக எழுதிக்கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய், ‘தங்க’ பகுதிக்கான விடுதிகளின் பட்டியலைத் திருத்துகிறேன். [இதைத்தான் செய்ய இருந்தேன். ஒப்புக்கொள்கிறேன்.]

முடிவு மூன்று: பையன் திரும்பி வந்து மன்னிப்புக் கேட்டு— [தூ.]

8

மணி இரண்டு நாற்பது. நான் அடித்து அடித்து எழுதுவதைப் பார்த்து சித்திக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். கல்லிலிருந்து ஓர் அடையை எடுத்துத் தட்டில் போட்டு என் முன்னால் நகர்த்தினார். பலகையில் ஒட்டிய காகிதத்தை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு, அந்தச் சொல்லைச் சொல்லாமல், மோவாயால் மட்டும் காட்டினார்.

பழக்க தோஷம். “வேண்டாம் சித்தி” என்றேன்.

தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

எனக்கு முதலில் புரியவில்லை. இரண்டாவது உபசாரத்துக்காகக் காத்திருந்தேன். ‘அட தின்னுடா, எலும்பா இருக்க’ என்று வரும், பதினைந்து வருடமாக வந்தது. வரவில்லை. அவர் தட்டைத் தன் பக்கத்தில் வைத்துவிட்டு, கையைத் துணியில் துடைத்து, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார், இனி அவை எங்கேயும் நீளாது என்பதுபோல.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. தாக்மேல், அந்த நாற்பது லட்சம் பேர்மேல், மெய்ப்புப் பார்த்த மூன்று பேர்மேல், எல்லாவற்றையும்விட என்மேல். பணிவாகச் சொல்லிவிடுங்கள் என்றேனே. ஒருவருக்குக் கொடுக்கும் கையையே இழுத்துக்கொள்ளக் கற்றுக்கொடுத்துவிட்டேனே.

“சித்தி, அதை இங்க குடு” என்றேன்.

“வேண்டாம்னியே.”

“ஒரு தடவதானே சொன்னேன்! ரெண்டாவது தடவ நீ ஏன் கேக்கல?” நான் எழுந்து நின்றுவிட்டேன். “சர்வீஸ் குடு! சர்வீஸ்! எனக்கு சர்வீஸ் வேணும்!”

பக்கத்துக் கடைகளில் கரண்டிகள் நின்றன. “டேய், கத்தாதடா, மேல கேக்கும்” என்று சித்தி என் கையைப் பிடித்து இழுத்தார். அதே கை, அதே இழுப்பு. நான் சொன்னேன்:

“கேக்கட்டும். அந்தப் புஸ்தகத்த எழுதின மூதேவி நான்தான் சித்தி.”

அவர் கையை விட்டார். என்னைப் பார்த்தார். நாலு நாளாக நான் எழுத முடியாத அந்தக் கண்ணைப் பார்த்தேன், இப்போதும் எழுத முடியவில்லை. கல்லில் இருந்த அடை கருகியது, அவர் திருப்பிப் போடவில்லை.

“எந்தப் பக்கம்?” என்றார்.

“எம்பத்திநாலு.”

“புஸ்தகத்த எடுத்துக்கோ.” அது என் பையிலேயே இருந்தது. அடுப்பை அணைத்தார். என் தட்டின்மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடினார். யாருக்கு என்று சொல்லவில்லை. “மணியாச்சு. நட.”

அவர் முன்னால், நான் பின்னால் மூன்று மாடி ஏறினோம். கதவுக்குப் பின்னால் தாக் தொண்டையைச் செருமுவது கேட்டது.

9

இதற்குமேல் எழுதமாட்டேன். உள்ளே நான் வாயைத் திறந்தேனா, கடை மிஞ்சியதா, கவிழ்த்து வைத்த தட்டை யார் திறந்தார்கள், எதையும் சொல்லமாட்டேன். விளையாட்டுக்காக இல்லை. ஒருவர் கையை நீட்டினால் என்ன சொல்லவேண்டும் என்று உங்களுக்கு ஏற்கெனவே ஒருமுறை நான் எழுதிக்கொடுத்தேன், அதன் லட்சணத்தைப் பார்த்தீர்கள்.

அந்தக் கதவுக்கு வெளியே சாட்சிக்காக ஒரு நாற்காலி போட்டிருக்கிறது. என் புத்தகத்தை நம்பி நீங்களும் எப்போதாவது எங்கள் ஊருக்கு வந்திருப்பீர்கள், ஒரு முக்காலியில் உட்கார்ந்திருப்பீர்கள், உங்கள் முன்னாலும் ஒரு தட்டு நகர்ந்து வந்திருக்கும். உள்ளே வந்து, உங்களுக்கு என்ன கொடுத்தார்கள் என்று நீங்களே சொல்லுங்கள்.