வெள்ளைச் சட்டையின் ஆறு பட்டன்கள்

சிதம்பரத்திலிருந்து கடலூர் போகிற பஸ்ஸில் மாமா ஜன்னலோரம் உட்கார்ந்து மீசையை நீவிக்கொண்டே வந்தார். இடது கையால்தான். வலது கை மடியில் துண்டுக்கு அடியில் இருந்தது. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. பெண் பார்க்கப் போகிறவன்கூட இத்தனை ஜோடித்துக்கொள்ள மாட்டான்.

மாமா என்றால் என் கணவர் கார்த்திகேசன். தாய்மாமன் மகன் என்பதால் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் கூப்பிடுவேன். பதினாறு வருடம் வாடகைக் கார் ஓட்டியவர். போன தை மாதம் இதே சாலையில், ஆலப்பாக்கம் தாண்டி, குறுக்கே வந்த மாட்டுக்காக ஸ்டியரிங்கை ஒடித்தார். மாடு பிழைத்தது. கார் மரத்தில் மோதி இவர் வலது கை நொறுங்கியது. மூன்று ஆபரேஷன் ஆனது, உள்ளே தகடு வைத்தார்கள். விரல்கள் பாதி மடங்கியபடியே நின்றுவிட்டன.

அன்று கடலூரில் மாற்றுத்திறனாளி அட்டைக்கான மருத்துவ முகாம். டாக்டர் கையைப் பார்த்து இத்தனை சதவீதம் என்று எழுதுவார். நாற்பது வந்தால் மாத உதவித்தொகைக்கு மனுப் போடலாம். முப்பத்தொன்பது வந்தால் வந்த பஸ்ஸிலேயே திரும்பலாம். எங்கள் தெரு சபாபதி அண்ணனுக்கு இப்படித்தான் கைநழுவிப் போனது. கால் ஒடிந்த மனுஷன், டாக்டர் முன்னால் கம்பில்லாமல் விறைப்பாக நடந்து காட்டினாராம். ஆம்பளைகளின் வீம்புக்கு மருந்தே கிடையாது. என் தையல் மெஷினை மட்டும் நம்பி நாலு வயிறு இருக்கிறது என்பதால் சொல்கிறேன்.

முகாமில் நல்ல கூட்டம். எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சம்மரி, ஆதார், ரேஷன் கார்டு, நாலு போட்டோ என்று எல்லாவற்றையும் மூன்று தடவை சரிபார்த்துவிட்டேன். எங்களுக்கு முன்னால் உள்ளே போன குறிஞ்சிப்பாடி பட்டம்மாள், கை சூம்பிய அம்மா, வெளியே வந்து பெருமூச்சு விட்டார்.

"டம்ளர எடுன்றாரு, எழுதுன்றாரு. சட்ட கூட கொண்டாந்து பட்டன் போடுன்றாரு. என்னாலயா முடியும்?"

எனக்குச் சொரேலென்றது. மாமாவின் சட்டையைப் பார்த்தேன்.

அந்தச் சட்டையில் ஒரு சூது இருந்தது. செய்தவள் நான்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில், காலையில் பட்டனோடு மல்லுக்கட்டி மல்லுக்கட்டி, கடைசியில் சட்டையைச் சுருட்டி மூலையில் எறிவார். நான் போட்டுவிடப் போனால் கையைத் தட்டிவிடுவார். பார்க்கச் சகிக்காமல் அவர் சட்டை எல்லாவற்றிலும் பட்டன்களைக் காஜா ஓட்டையின் மேலேயே அசையாமல் தைத்துவிட்டேன். வெறும் ஜோடனைக்கு. அடியில், அமுக்கினால் பிடித்துக்கொள்ளும் டிச் பட்டன். முஷ்டியால் மேலிருந்து கீழே ஆறு அமுக்கு, வேலை முடிந்தது. மாப்பிள்ளைக்குக் கை தேறிவிட்டது என்று என் அப்பாவே நம்பினார். ஆபீசர்கள் முன்னால் போகிறோமே என்று, காலையில் அதில் நல்லதாகப் பார்த்து எடுத்துக் கொடுத்ததும் நான்தான். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"மாமா, பட்டன் போடச் சொன்னா டிச் பட்டன்னு சொல்லிடுங்க" என்றேன் காதோரமாக.

"எதுக்கு? இத்தினி ஜனத்துக்கு முன்னாடி, பொண்டாட்டி எனக்குக் கொழந்த சட்ட தச்சிக் குடுத்துருக்கான்னு சொல்லணுமா?"

"நாப்பது வரலன்னா?"

"வரும். நீ வாயத் தொறக்காத. தொறந்த, நா எந்திரிச்சி வந்துடுவேன்."

செய்யக்கூடியவர்தான். அவர் பின்னால் உள்ளே போனேன்.

டாக்டருக்கு நடுத்தர வயது. கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டு வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தார். முழங்கையை மடக்கச் சொல்லி அளவெடுத்தார். டம்ளரை எடுக்கச் சொன்னார். மாமா பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளங்கையால் அணைத்துத் தூக்கிவிட்டார். பேனா மட்டும் கீழே விழுந்தது.

"சட்டையத் தொறந்துட்டு பட்டனப் போடுங்க. வலது கையால."

போட்டார். டாக்டர் பேப்பரைப் புரட்டி நிமிர்வதற்குள் ஆறும் மூடியிருந்தன. "பரவால்லையே" என்று டாக்டர் ஒரு டிக் அடித்தார். மாமாவின் முகத்தில் ஒரு பெருமிதம். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

டாக்டர் கூட்டிப் பார்த்தார். "முப்பத்தாறு வருதும்மா."

சொன்னால் இவர் எழுந்து போய்விடுவார். ஏமாற்ற வந்தவர்கள் என்று டாக்டர் எங்களையே சந்தேகப்பட்டாலும் படலாம். சொல்லாவிட்டால் எல்லாம் அதோடு போச்சு. மாமா என்னையே முறைத்துக்கொண்டிருந்தார்.

நான் அவர் சட்டையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். படபடவென்று ஆறும் விட்டுக்கொண்டன. வாசலில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"இது பட்டனே இல்ல சார். டிச்சு. நான்தான் தச்சேன். நெஜப் பட்டன் இவரால போட முடியாது சார்."

மாமா எழுந்திருக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். எழுந்து போயிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

டாக்டர் சட்டையின் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். பிறகு நாற்காலியிலிருந்த தன் கோட்டை எடுத்து நீட்டினார். "இதப் போட்டுக்கிட்டு ஒரு பட்டன், ஒண்ணே ஒண்ணு போடுங்க."

கார் ஓட்டிய மனுஷன் டாக்டர் கோட்டில் உட்கார்ந்திருந்தார். மடங்கிய விரல்கள் பட்டனைத் தேடின. விளிம்பில் நிறுத்தினார், நழுவியது. மறுபடி நிறுத்தினார். நெற்றி விபூதி வேர்வையில் கரைந்து மூக்கில் இறங்கியது. ஒரு கட்டத்தில் பாதிப் பட்டன் காஜாவுக்குள் நுழைந்துவிட்டது. தில்லைக் காளியம்மா, போகக் கூடாது, அந்தப் பட்டன் போகக் கூடாது. கட்டின புருஷன் கை விளங்கக் கூடாதென்று வேண்டிக்கொண்டேன்.

பட்டன் நழுவி வெளியே வந்தது. கை அப்படியே மடியில் விழுந்தது.

"போதும் விடுங்க" என்று டாக்டர் முன்பு போட்ட டிக்கைக் கோடிழுத்து நீக்கிவிட்டுத் திருத்தி எழுதினார். நாற்பத்து நாலு. நான் கும்பிட்டேன். எனக்கு வந்தது சந்தோஷம்தான், பொய் சொல்ல மாட்டேன்.

திரும்பும் பஸ்ஸில் ஆலப்பாக்கம் வரை மாமா ஜன்னலுக்கு வெளியிலேயே பார்த்துக்கொண்டு வந்தார். சட்டை திறந்தே கிடந்தது. கார் மோதிய அந்த மரம் தாண்டியதும் மெதுவாகக் கேட்டார்.

"கோட்டு பட்டன் போடுறப்ப உன் ஒதடு அசஞ்சிச்சே. என்னா வேண்டிக்கிட்ட?"

திடுக்கென்றது. "பட்டன் உள்ள போயிடணும்னுதான் மாமா" என்றேன்.

அவர் வலது கையைத் தூக்கி, மடங்கிய விரல்களோடு என் கைமேல் வைத்தார்.

"நானும் அதத்தான் வேண்டிக்கிட்டேன். ரெண்டு பேரு கேட்டும் காளியாத்தா கேக்கலியே."