கஜேந்திரன் கையில் மத்து

மடுல்சீமை மலையில் தேயிலைக் கொழுந்து எடுக்கும்போது சிவசக்தி சறுக்கி விழுந்து தாடை உடைந்தது. பதுளை ஆஸ்பத்திரியில் மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் சேர்த்துக் கம்பி கட்டிவிட்டார்கள். கம்பியைக் கழற்றும்வரை மசித்துக் கரைத்ததைத்தான் உறிஞ்ச வேண்டும் என்றார் டாக்டர்.

அதுவரை அடுப்புப் பக்கம் எட்டிப் பார்க்காத கஜேந்திரன் பெண்சாதிக்காக மத்தைப் பிடித்தான். சோறு, பருப்பு, கிழங்கு எல்லாவற்றையும் குழைய வேகவைத்துச் சட்டியைக் காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு மசித்தான். அவன் அவசரத்துக்குக் கட்டி உடையவில்லை. தேத்தண்ணி வடிக்கும் வடியில் போட்டால் அடைத்துக்கொண்டது. சக்தி ஒரு வாய் உறிஞ்சிவிட்டுக் கோப்பையைத் தள்ளி வைப்பாள்.

"உப்புக் கொறச்சலா? சூடா இருக்கா?"

பதில் வராது. எழுந்து தண்ணி பிடிக்கும் பீலிவரை போவான். எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்புவான்.

கொழும்பில் கட்டட வேலைக்கு சக்தியின் அண்ணன் விஜேந்திரன் இவனுக்கு இடம் பிடித்து வைத்திருந்தான். அவள் விழுவதற்கு முதல் நாள்தான் போகிறேன் என்று இவனும் போகக் கூடாது என்று அவளும் முட்டிக்கொண்டார்கள். பாதியில் நின்ற சண்டை அவர்கள் குடியிருந்த லயத்துக் காம்பராவுக்குள் அப்படியே கிடந்தது. முடிக்க அவளுக்கு வாயில்லை. விட்டுவிட்டுப் போக இவனுக்கு மனசில்லை, இருக்கவும் முடியவில்லை.

அன்றைக்குப் பூசணிக்காய். பாதி மசித்திருந்தபோது போன் அடித்தது. இவன் கையைச் சட்டையில் துடைப்பதற்குள் சக்தி எடுத்துக் காதில் வைத்தாள்.

"அண்ணே, இந்த மாசம் அவரு வரமாட்டாரு. கம்பி கழட்டின பொறகு அனுப்புறேன்."

பல்லைக் கடித்தபடிதான் சொன்னாள். ஆனால் ஒவ்வொரு சொல்லும் விளங்கியது.

"ஒனக்குப் பேச வருதா?" என்றான் கஜேந்திரன்.

"வருது. வலிக்கும், ஆனா வருது."

"எங்கிட்ட ஏன் பேசல?"

"பேசினா அந்தச் சண்டையத்தான் பேசணும். அது முடிஞ்சா நீங்க போயிருவீங்க."

சட்டியை நகர்த்திவிட்டு வெளியே போனான். லயத்து வாசலில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தான். ஏமாத்திட்டாளே என்று கொதித்தது. அப்புறம், 'அனுப்புறேன்'னு சொன்னாளே என்றும் தோன்றியது. அன்றைய சண்டையில் அந்தச் சொல் அவள் வாயில் வரவே இல்லை.

உள்ளே வந்தபோது அவள் மிச்சத்தை மசித்துக்கொண்டிருந்தாள். குலுக்கலில் தாடை வலித்துக் கண் கலங்கியிருந்தது. இவன் மத்தை வாங்கிக்கொண்டான்.

"மெதுவா," என்றாள். "கட்டி அப்பிடியே இருக்கு."

கம்பியைக் கழற்றிய பிறகு அவன் கொழும்புக்குக் கிளம்பினான். பஸ் ஏற்றிவிட வந்தவள் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். இவனுக்குத்தான் ஒரு வார்த்தையும் எழவில்லை.