சாவியை வாயில் காப்பவன்

ஞாயிற்றுக்கிழமை மாலை, பையை நாற்காலியில் போட்டுவிட்டு மகள் சொன்ன ஒரே ஒரு சொல்லில் அம்மாவுக்கு வயிறு பற்றிக்கொண்டது.

"ரெண்டாம் பாகம் வந்திடுச்சும்மா. நாலு அத்தியாயம் படிச்சிட்டோம்."

படிச்சிட்டேன் என்று சொல்லியிருந்தால் அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். பிள்ளைக்கு அவசரம், எடுத்தாள், படித்தாள். ஆனால் 'டோம்' என்றால் பக்கத்தில் இன்னொருத்தி உட்கார்ந்திருந்திருக்கிறாள் என்று அர்த்தம். அந்த இன்னொருத்தி யாரென்று கேட்க வேண்டியதே இல்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் மகள் அப்பா வீட்டில்தான் இருக்கிறாள். அங்கே போன வருடம் குடிவந்த மகராசியைச் சித்தி என்று கூப்பிடுகிறாள். சித்தி என்றால் அம்மாவின் தங்கை. இவளோ வீட்டுக்கு ஒற்றைப் பிள்ளை. தனக்குத் தெரியாமல் தனக்கொரு தங்கை பிறந்த அதிசயத்தை இவள் இன்னும் ஜீரணிக்கவில்லை.

மகளுக்கு வயது பதிமூன்று. எப்போதும் புத்தகத்துக்குள்ளேயே கிடப்பதால் வீட்டில் அவள் பெயர் பூச்சி. இரண்டு வருடத்துக்கு முன், அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறிய மாதத்தில், பூச்சி யாருடனும் பேசாமல் இருந்தாள். அப்போது கையில் கிடைத்ததுதான் 'இல்லாத மாடி' முதல் பாகம். எட்டு மாடி அலுவலகக் கட்டடத்தின் லிஃப்டில் ஒன்பதாவது பொத்தான் ஒரு பெண்ணுக்கு மட்டும் தெரிகிறது. அதை அழுத்தினால் அதே நகரம், ஆனால் தெருவிளக்குகள் பேசுகின்றன, பேருந்துகள் ஆள் பார்த்து நிற்கின்றன. தினம் ஓர் அத்தியாயம் வாய்விட்டுப் படித்தார்கள், ஒரு நாள் அம்மா, ஒரு நாள் மகள். பன்னிரண்டாம் அத்தியாயத்தில் பூச்சி சிரித்தாள். இரண்டாம் பாகம் எப்போது வந்தாலும் சேர்ந்துதான் படிப்பது என்று கைமேல் கையடித்துச் சத்தியமும் செய்துகொண்டார்கள்.

அந்தச் சத்தியம் இப்போது சித்தி வீட்டு அலமாரியில் இருந்தது. புத்தகத்தை வாங்கியது சித்தியாம், அதனால் அங்கேயே வைத்துவிட்டு வந்தாளாம்.

"நாம முதல்லேர்ந்து ஆரம்பிக்கலாம்மா. நான் திரும்பக் கேட்டுக்கறேன்," என்றாள் பூச்சி.

"மிச்சம் மீதியெல்லாம் எனக்கு வேண்டாம். அங்கேயே படிச்சு முடி," என்றாள் அவள். சொல்லும்போதே வலித்தது. ஆனாலும் ரோஷம் நாக்கைப் பிடித்துத் தள்ளுகிறபோது யார்தான் என்ன செய்ய முடியும்?

மறுநாளே ஒரு பிரதி வாங்கினாள். மகளுக்குத் தெரியாமல், கடையில் வைத்துப் படிக்க. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் வெட்டிச் சட்டத்தில் பொருத்துவது அவள் வேலை. இயந்திரம் ஒரு லென்ஸைத் தேய்த்து முடிக்க நான்கு நிமிடம் ஆகும். நான்கு நிமிடத்துக்கு மூன்று பக்கம் என்று கணக்கு வைத்துக்கொண்டாள். தனக்குப் பிடித்துப் படித்தாளா என்றால், இல்லை. அந்த மகராசி இந்த இடத்தில் நிறுத்தியிருப்பாள், பூச்சி இங்கே அவள் தோளில் சாய்ந்திருப்பாள் என்று பக்கத்துக்குப் பக்கம் கற்பனை செய்து, தன் புண்ணைத் தானே கிளறிக்கொண்டு படித்தாள். புதன்கிழமை ஒரு பெரியவரின் வலக்கண் லென்ஸை இடப்பக்கம் பொருத்திவிட்டாள். போட்டுக்கொண்டு எழுந்தவருக்குக் கடை வாசற்படி ஒன்றுக்கு இரண்டாகத் தெரிந்தது. முதலாளி கண்ணாடியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பெருமூச்சு மட்டும் விட்டார். அவர் திட்டியிருந்தால்கூட இவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

வியாழக்கிழமை நான்காம் அத்தியாயத்துக்கு வந்தபோதுதான் உண்மையான இடி விழுந்தது.

முதல் பாகத்தில் ஒன்பதாவது மாடியின் கதவருகே ஒருவன் நிற்பான். அவனைப் பற்றி ஒரு வரி வரும்: "சாவியை வாயில் காப்பவனிடம் கேள்." சாவியை வாய்க்குள் வைத்துக் காப்பாற்றுகிறவன் என்றுதான் அம்மாவும் மகளும் புரிந்துகொண்டார்கள். பாவம், அதனால்தான் அவன் அதிகம் பேசுவதில்லை என்று அவனுக்காக வருத்தப்பட்டார்கள். புத்தகம் முழுக்க அவன் பேசுவது மூன்றே வாக்கியங்கள். அம்மா நாக்கை மடித்துக்கொண்டு, கொழகொழவென்று, சாவி பல்லில் இடிக்கிற மாதிரியே அவற்றைப் படித்துக் காட்டுவாள். பன்னிரண்டாம் அத்தியாயத்தில் பூச்சி சிரித்தது அதற்குத்தான்.

இரண்டாம் பாகத்தில் அந்த ஆள் நான்காம் அத்தியாயம் முழுக்க மூச்சு விடாமல் பேசினான். இடுப்புக் கொத்திலிருந்து சாவியை எடுத்து நீட்டி, "வாயிலைக் காப்பது எங்கள் பரம்பரைத் தொழில்" என்றான். வாயில் என்றால் வாசல். வாய்க்குள் ஒன்றும் இல்லை, ஒரு காலத்திலும் இருந்ததில்லை.

அவளுக்குக் காது சூடேறியது. சித்தி பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவள். அவள் இதைப் பார்த்த நிமிடமே, அட அசடே, வாயில்னா வாசல் என்று விளக்கியிருப்பாள். பூச்சி, அம்மா இப்படித்தான் படிப்பாங்க என்று நாக்கை மடித்து நடித்துக் காட்டியிருப்பாள். இருவரும் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பின்னறையில் காதாரக் கேட்டது. மிச்சமிருந்த பக்கங்களை வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் வெறிபிடித்தவள்போல முடித்தாள். முடிவில் அந்தக் காவல்காரன் செத்துப்போகிறான். லிஃப்ட் பெண்ணைத் தப்பவிட்டுக் கதவை உள்ளிருந்து பூட்டிக்கொள்கிறான்.

பொக்கிஷம் கிடைத்துவிட்டது. இந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டால் போதும், சனிக்கிழமைச் சபை கலைந்துவிடும். இது கேவலம் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை.

அன்று மாலை பூச்சி அப்பா வீட்டுக்குப் போகத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அம்மா கதவில் சாய்ந்துகொண்டு, கதை எப்படிப் போகிறது என்று போகிறபோக்கில் கேட்பவள்போல ஆரம்பித்தாள். நல்லாப் போகுது என்றாள் மகள். நுணலும் தன் வாயால் கெடும்.

"கடைசியில அந்தக் காவல்காரன் செத்துடுவான். தெரியுமில்ல?"

பூச்சி மடித்துக்கொண்டிருந்த சட்டையை மடித்து முடித்தாள். பைக்குள் வைத்தாள். ஓ என்று அழுவாள், கத்துவாள் என்று எதிர்பார்த்த அம்மாவுக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை.

"தெரியும்மா," என்றாள் பூச்சி. "புத்தகம் வந்த அன்னிக்கே முழுசா முடிச்சிட்டேன். சித்தி வெளிய போயிட்டுத் திரும்பி வரதுக்குள்ள."

"அப்போ நாலு அத்தியாயம்னு சொன்னது?"

"அது அவங்களோட படிச்சது. அவங்க ஆசையா வாங்கிட்டு வந்தாங்க. தெரியாத மாதிரி கேட்டேன்." அடுத்த சட்டையை எடுத்துக்கொண்டு, "உன்னோட படிக்கும்போதும் அப்படித்தான் கேக்கலாம்னு இருந்தேன். யாரோட முதல்ல படிச்சேன்னு நீங்க ரெண்டு பேருமே பாப்பீங்க. அதான் தனியாவே படிச்சிட்டேன்," என்றாள்.

அம்மாவுக்கு உட்காரத் தோன்றியது. கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். ஆனாலும் பொறாமை லேசில் விடுகிற பேயா? அந்த வாய்ச் சாவி விஷயம் சித்திக்குத் தெரியுமா, சிரித்தாளா என்று கேட்டே விட்டாள்.

தெரியுமாம். வாயில் என்றால் வாசல் என்று சித்தி எடுத்துச் சொன்னாளாம். பூச்சி ஒப்புக்கொள்ளாமல் சண்டை பிடித்தாளாம். அது எங்க வீட்டுக் கணக்கு, அப்படித்தான் படிக்கணும் என்றாளாம். இப்போது சித்தியும் நாக்கை மடித்துக்கொண்டுதான் அவன் பேசுவதைப் படிக்கிறாளாம். பாவம், அவளுக்கு எச்சில் தெறிக்கிறதாம்.

கேட்டதும் ஒரு கணம் குளிர்ந்தது, மறுகணம் அதற்கும் எரிந்தது. தன் குரலைக்கூட அந்த மகராசி எடுத்துக்கொண்டுவிட்டாளே என்று. இப்படி எரிகிற தன்னைப் பார்த்து, முதல்முறையாக, அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"அவங்ககிட்ட முடிவைச் சொல்லிடாதம்மா," என்றாள் பூச்சி, பையை மூடியபடி. "அவங்களுக்கு அவனை ரொம்பப் பிடிச்சிருக்கு."

சொல்ல மாட்டேன் என்று தலையாட்டினாள். பதிமூன்று வயதில் இந்தப் பெண் இரண்டு வீட்டுக்கும் நடுவில் நின்று எதையெல்லாம் மெல்லாமல் விழுங்காமல் வைத்திருக்கிறாள் என்று இப்போதுதான் புரிந்தது. அதற்குப் பிறகு, கேட்கக்கூடாது என்று தெரிந்தும், அதைக் கேட்டாள்.

"முதல் பாகம்? அதையும் முன்னாடியே படிச்சிருந்தியா?"

"இல்லம்மா. அது நிஜமாவே உன்னோடதான் படிச்சேன்."

தயங்காமல், கண்ணைப் பார்த்து, இதமாகச் சொன்னாள். கீழே அப்பாவின் வண்டி ஒலியெழுப்பியது. பூச்சி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அம்மாவின் கன்னத்தில் முத்தமிட்டுவிட்டு இறங்கிப் போனாள். அம்மா கட்டிலைவிட்டு எழவில்லை. மகள் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் போன சனிக்கிழமை சித்தியிடமும் இதே முகத்தோடுதான், "அப்புறம் என்ன ஆகும் சித்தி?" என்று அவள் கேட்டிருப்பாள்.