நமுத்த அப்பளம்

என் மனைவி வசுமதி குடுவைச் செடிக்குள் விழுந்ததிலிருந்து வீட்டில் தினமும் அப்பளம் பொரிக்கிறேன்.

செடி பால்கனியில் தொங்குகிறது. இலை நுனிகளில் குடுவைகள். அவற்றில் பூச்சி விழும், ஊறும், கரையும். வசுமதி ஒரு குடுவையின் மூடியைத் துடைக்கப் போய் விழுந்தாள். உள்ளே முழங்கால் வரை தண்ணீர். விளிம்பு வழுக்குகிறது. மற்றபடி சௌகரியம்தான் என்றாள்.

செடி விற்றவரிடம் ஓடினேன்.

“குடுவை பச்சையா இருக்கற வரைக்கும் அவங்களுக்கு ஒண்ணும் ஆகாது” என்றார்.

“காஞ்சா?”

“காய விடாதீங்க. இது மழைக்காட்டுச் செடி. காத்துல ஈரம் இருக்கணும். வெளிச்சம் வேணும், சுள்ளுனு வெயில் கூடாது. மழைத்தண்ணி மட்டும் ஊத்துங்க. சத்து எதுவும் போட்றாதீங்க. வயிறு நிறைஞ்சா இது குடுவையைக் கைவிட்டுடும். பட்டினி கிடக்கணும்.”

“யாரு?”

“செடி.”

திருச்சியில் அக்னி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்தது. ஜமக்காளங்களை நனைத்துக் கட்டினேன். இட்லிக் கொப்பரையை அடுப்பிலிருந்து இறக்கவே இல்லை. மாடியில் பிடித்துவைத்த மழைத்தண்ணீர் ஒரு டிரம் இருந்தது. அதைச் செடிக்கு மட்டும் வைத்துக்கொண்டேன்.

ஈரத்தில் கதவு உப்பும். எங்கள் வீடே உப்பியது. கூடத்திலிருந்து சமையலறைக்குப் போக அரை நாள் பிடித்தது. வழியெல்லாம் பாசி. டிவி இருந்த பக்கம் தவளை கத்தியது. எனக்குத் தவளை என்றாலே ஆகாது. ஆனாலும் சந்தோஷமாக இருந்தது.

ஈரத்தை அளக்க அப்பளம்தான். பொரித்து, குடுவைக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் வைப்பேன். வசுமதி உள்ளிருந்து கேட்பாள்.

“எப்படி இருக்கு?”

“நமுத்துப்போச்சு.”

“சாப்பிடுங்க. நான் கேக்கறேன்.”

அவள் என் வாய்வார்த்தையை நம்புகிறவள் அல்ல. கல்யாணமான நாளிலிருந்தே அப்படித்தான். நான் மெல்லுவேன். சத்தம் வராது.

“நல்லது” என்பாள். அன்றைய பொழுது அதோடு நிம்மதி.

பிறகு அடுக்ககத்தில் எல்லார் வீட்டு அப்பளமும் நமுக்க ஆரம்பித்தது. சங்கச் செயலாளர் தட்சிணாமூர்த்தி வந்து வாசலில் நின்றார். பேசும்போது அவர் தலை இடமும் வலமும் திரும்பிக்கொண்டே இருந்தது.

“உங்க ஈரம் வெளிய வருது சார்.”

“வரும்.”

“எங்க வீட்டு முறுக்கெல்லாம் போச்சு.”

“என் சம்சாரம் குடுவையில இருக்காங்க.”

“அது உங்க சொந்த விஷயம். முறுக்கு பொது விஷயம்.”

மறுநாள் அவர் முழுசாக மின்விசிறி ஆகியிருந்தார். சங்கத்துக்காரர்கள் அவரை என் வாசலைப் பார்க்க நிறுத்தி, சுவிட்சைப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். எங்கள் வீட்டுக் குழாயையும் அடைத்துவிட்டார்கள். கதவிடுக்கில் ஈரத்துண்டைத் திணித்தேன். நல்ல மனிதர், காற்றும் நன்றாகவே வந்தது. அதுதான் பிரச்சினை.

அப்படியும் சமாளித்திருப்பேன். ஆனால் செடி கொழுத்துக்கொண்டிருந்தது. இலைகள் வாழையிலை அகலத்துக்கு வந்தன. புதிதாக ஒரு குடுவை கூட விடவில்லை. வசுமதியின் குடுவை விளிம்பில் பழுப்பு ஏறியது. தொட்டியின் அடியில் ஏதோ வெள்ளையாகச் சொட்டியது. விரலில் தொட்டு முகர்ந்தேன். அரிசி களைந்த தண்ணீர்.

பக்கத்து பால்கனியில் பிலோமினா அக்கா கையில் சொம்போடு நின்றார்.

“நீங்களா ஊத்தினீங்க?”

“கருவேப்பிலைக்கு ஊத்தறேன். இதுக்கும் ஒரு வாய் ஊத்தறேன்.”

“எப்பலேருந்து?”

“வசுமதி உள்ள போனதுலேருந்துதான் தம்பி. அந்தப் புள்ளைய சொமந்துக்கிட்டு செடி வெறும் வயித்தோட நிக்குதே, பாவம்.”

எனக்கு அழுகை வந்தது. அவரைத் திட்ட வாய் வரவில்லை. தன் வாசலுக்கு வரும் யாரையும் சாப்பிட்டாச்சா என்று கேட்காமல் விடாதவர். செடியையும் அதைத்தான் கேட்டிருக்கிறார். அதுவும் இல்லை என்று சொல்லியிருக்கும்.

மண்ணிலிருக்கும் சத்தைக் கழுவினால் மறுபடி பசிக்கும் என்று நினைத்தேன். டிரம்மிலிருந்து மொண்டு மொண்டு ஊற்றினேன். வெள்ளை வந்துகொண்டே இருந்தது. டிரம்மின் அடி தெரிந்தபோதும் வெள்ளையாகத்தான் வந்தது. செடி ஒரு ஏப்பம் விட்டது.

நனைக்கத் தண்ணீர் இல்லை. ஜமக்காளங்கள் விறைத்துக்கொண்டன. தவளை போய்விட்டது. வீடு சுருங்கி, சமையலறை இரண்டே எட்டில் வந்தது. அப்பளம் பொரித்தேன். குடுவைக்குப் பக்கத்தில் வைத்தேன். வெகுநேரம் வைத்தேன். ஓரத்தைத் தொட்டதும் சின்னதாக ஒரு துண்டு உடைந்தது.

மூடி முழுக்கப் பழுப்பாகியிருந்தது.

“எப்படி இருக்கு?” என்றாள் வசுமதி. குரல் எங்கோ கீழேயிருந்து வந்தது.

“நமுத்துப்போச்சு.”

அடுக்ககத்தில் அது சாப்பாட்டு நேரம். முதல் மாடியில் யாரோ அப்பளத்தை நொறுக்கினார்கள். பிறகு இரண்டாம் மாடியில். பிறகு எல்லா வீட்டிலும். சடசடவென்று கட்டடம் முழுக்க.

“என்னங்க அது சத்தம்?”

“மழை.”



“அப்ப சரி. சாப்பிடுங்க, நான் கேக்கறேன்.”

உடைந்த அப்பளத் துண்டை அப்படியே நாக்கின் மேல் வைத்துக்கொண்டேன். வாயை மூடினேன். அது ஊறும்வரை மெல்லாமல் நிற்கிறேன்.